ஆழிப்பேரலையும் ஒரு படிவத்தின் வரலாறும்

2004 ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 35,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அவற்றுள் 10,000க்கு மேற்பட்டவை அம்பாறை மாவட்டத்துக்குரியன. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என ஒன்றையொன்று தொட்டு நிற்கும் ஊர்களில் இறந்தோரை அடக்கம் செய்வதும், எஞ்சியோரைப் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தங்கவைப்பதும் முதற் பணிகளாயின. அவற்றைத் தொடர்ந்து எழுந்தது பதிவேட்டுப் பிரச்சினை. எவர் எம்முகாமில் உளர், எவரைக் காணவில்லை, எக்குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்பவை பல கைகளில் பல தாள்களாகச் சிதறிக் கிடந்தன.

இச்சூழலிற்றான் கொழும்பில் மென்பொருளாளர் சிலர், லங்கா சொவ்ட்வெயார் பவுண்டேசனின் ஆதரவில், 'சகானா' என்னும் திறந்த மூல மென்பொருளைச் சில வாரங்களில் ஆக்கினர். சிங்களத்தில் இச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். அவர்கள் முன்னிருந்த முதல் வினா, திரையிலே தோன்றும் படிவங்களை எக்கருவித்தொகுதி கொண்டு அமைப்பது என்பதாகும். கணினிதோறும் நிறுவவேண்டிய மேசைக்கணினிச் செயலியை அவர்கள் ஆக்கவில்லை. உலாவியிலே திறக்கும் பக்கங்களையே தேர்ந்தனர். பின்னணியில் பிஎச்பி மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் இயங்கின. இத்தேர்வு அழகு கருதியதன்று. இரவல் வாங்கிய கணினியில் ஒரு தொண்டர் உடனே வேலை தொடங்கவேண்டும்; பிஎச்பி அறிந்தோரும் பலராக இருந்தனர். தறியின் அகலமே துணியின் அகலத்தைத் தீர்மானிக்கும் என்பது மருதமுனை நெசவாளர் அறியாததன்று.

எனினும் உலாவியைத் தேர்ந்ததால் தமிழெழுத்துப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. உலாவி, எழுத்தை வரையும் பொறுப்பைத் தனக்குக் கீழுள்ள தொகுதியிடம் ஒப்படைக்கும். லினக்சில் அப்பணியைச் செய்த 'பாங்கோ', 2002 இல் வெளியான ஜிடிகே இரண்டாம் பதிப்புடன்தான் அக்கருவித்தொகுதியிற் சேர்ந்தது. போட்டித் தொகுதியான கியூட்டியோ 'தஸ்கி' குறியீட்டுக்கும் இடமளித்திருந்தது. நம் அலுவலகங்களிலோ 'பாமினி' எழுத்துருவே ஆட்சி செய்தது. ஆதலால் ஒருங்குறியில் அமைந்த ஒரே பக்கம் ஒரு கணினியிற் செவ்வனே தோன்ற, பழைய கணினியில் வெறுங்கட்டங்களாயிற்று. அன்றேல் கொம்பு இடம்மாறி நின்றது.

அவசரத்தில் எழுந்த முதற் பதிப்பு 2005 இல் சுவீடனின் சீடா நிறுவனத்தின் உதவியுடன், எந்நாட்டு அனர்த்தத்துக்கும் பொருந்துமாறு மீள எழுதப்பட்டது. அவ்வாண்டின் காசுமீர் நிலநடுக்கத்தின்போது பாகிசுத்தானிலும், 2006 இல் பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதும் அதற்குக் கிடைத்தது.

மாற்றங்களுள் முக்கியமானது பின்னரே நிகழ்ந்தது. பிஎச்பி பதிப்பில் ஒவ்வொரு படிவத்தின் கட்டங்களும் கையாலே எழுதப்பட்டவை. புதிதாக ஒரு கேள்வியைச் சேர்ப்பதாயின் படிவம், பட்டியல், அறிக்கை என ஒவ்வொரு பக்கத்தையும் திருத்தவேண்டும். 2008 அளவில் தொடங்கிப் பின்னர் 'ஈடன்' எனப் பெயர்பெற்ற பதிப்பு பைத்தன் மொழிக்கும் வெப்டூபை என்னும் சட்டகத்துக்கும் மாறியது. அதிலே அட்டவணையை ஒருமுறை வரையறுத்தாற் போதும். படிவமும் பட்டியலும் தாமே உருவாகும். 2010 தைத் திங்களில் எயிற்றி நிலநடுக்கம் நேர்ந்தபோது மருத்துவமனைப் பதிவேட்டை விரைந்து திறக்க முடிந்தமைக்கு இது ஒரு காரணம் எனலாம். வரைபடத்துக்கு ஓப்பின்லேயர்சும், தோற்றத்துக்குப் பூட்சிட்ராப் முதலியனவும் வந்து சேர்ந்தன. அவை மேற்பூச்சு, விரிவாக ஆராய வேண்டியவையல்ல.

இதனைத் தொழினுட்பக் கதையாக மட்டும் கொள்ளல் பொருந்தாது. அரச நிர்வாகத்தின் படிவங்களிலே 'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டமுண்டு. அதில் வழமையாக ஆணின் பெயரே எழுதப்படும். ஆனால் அம்பாறைக் கரையோரத்தில், தமிழரிடத்தும் முசுலிம்களிடத்தும், வீடு சீதனமாகப் பெண்ணுக்கே உரியது. மணமானபின் கணவனே மனைவியின் வீட்டுக்கு வருகிறான். ஆழிப்பேரலைக்குப் பிந்திய வீடமைப்பில் ஆண்களின் பெயரில் உரிமை வழங்கப்பட்டதைப் பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளரும் கண்டித்தனர். தாய்வழி வந்த வளவை அலையிலே இழந்த பெண், புதிய வீட்டின் பத்திரத்தில் தன் பெயரைக் காணவில்லை.

கருவித்தொகுதி இத்தவற்றைத் தானாக நீக்காது. அட்டவணையிலிருந்து பிறக்கும் படிவம், அட்டவணையை வரைந்தவனின் கண்ணாலேயே உலகை நோக்கும். ஒரு பிழையான தலைப்பை எல்லாப் பக்கங்களுக்கும் நொடியிற் பரப்பவும் வல்லது. ஆயினும் 'வளவு யார் பெயரில் இருந்தது' என்னும் ஒரு கேள்வியை இடையிலே சேர்ப்பதற்கு முதற் பதிப்பில் வேண்டியது பல நாள் உழைப்பு. ஈடனில் வேண்டியது ஒரு வரி. அவ்வரியை எழுதும்படி கேட்கும் அதிகாரம் முகாமில் வரிசையில் நின்ற பெண்ணிடம் இருக்கவில்லை.