சுமைவண்டித் தளமும் அதன் விரிப்பும்: மூங்கில் தட்டி முதல் பாலியூரியா வரை

சுமைவண்டியில் சரக்கு ஏற்றும் பகுதியின் அடித்தளத்தைக் காப்பதற்காக, அதன்மேல் விரிக்கப்படும், பொருத்தப்படும் அல்லது பூசப்படும் பொருளே தளவிரிப்பு ஆகும். பிக்கப் எனப்படும் சிறு சரக்கு வண்டிகள் பெருகிய பிறகு இச்சொல் பேச்சில் வந்தது. ஆனால் அதன் தேவை மாட்டு வண்டிக் காலத்திலேயே இருந்தது. புதுச்சேரி நகரின் வடபகுதியில் உள்ள கருவடிக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் இத்தேவை இன்னும் மிகுதி. உப்புக்காற்று இரும்பை அரிக்கும். வண்டித் தளம் அரித்துப் போனால், வண்டியை நம்பிப் பிழைப்பவரின் வருவாயும் சேர்ந்தே குறையும்.

மாட்டு வண்டிக் காலம்

தமிழ்நாட்டில் சரக்கு வண்டி மிகப் பழமையானது. உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டியைச் சங்க நூல்கள் பலவாறு காட்டுகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, அவ்வண்டியின் உருளை முதல் கூரை வரை உறுப்பு உறுப்பாக விவரிக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே கடற்கரையில் உள்ள மரக்காணம் இன்றும் உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். உப்பு வண்டி அங்கே இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கத்தின் தொடர்ச்சி எனலாம்.

பார வண்டியின் தளம் மரச்சட்டங்களால் ஆனது. சட்டங்களுக்கிடையே இடைவெளி இருக்கும். எனவே ஏற்றும் பொருளுக்கு ஏற்ப விரிப்பும் மாறியது. நெல் மூட்டைக்கு வைக்கோல் பரப்பினர். எருவும் மண்ணும் ஏற்றும்போது மூங்கில் தட்டியை அடியிலும் பக்கங்களிலும் வைத்தனர். பானை, சட்டி போன்ற உடையும் பொருள்களுக்கு வைக்கோலைத் தடிப்பாக இட்டனர். கோணிச் சாக்கும் பாயும் எப்போதும் வண்டியில் இருந்தன. இவை கிழிந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை இடலாம். தேய்வது விரிப்பாக இருக்கட்டும், தளமாக இருக்கக் கூடாது என்பதே இதன் அடிப்படை. இன்றைய விலையுயர்ந்த பூச்சுகளும் இதே எண்ணத்தில் பிறந்தவைதான்.

பிரெஞ்சுப் புதுச்சேரியில் சரக்குப் போக்குவரத்து

பிரெஞ்சு ஆட்சியின்போது 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கு எழுந்த பஞ்சாலைகளுக்குப் பருத்தியும், அங்கிருந்து வெளியே துணியும் செல்ல வேண்டியிருந்தது. நீண்ட தொலைவுக்கு ரயிலும் கப்பலும் உதவின. ஆலைக்கும் நிலையத்துக்கும் கடைக்கும் இடைப்பட்ட சிறு தொலைவை மாட்டு வண்டியும் கைவண்டியுமே கடந்தன. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவேறியது. எல்லைச் சுங்கத் தடைகள் நீங்கியதால் தமிழ்நாட்டு லாரிகள் தடையின்றி வந்து செல்ல வழி பிறந்தது.

லாரியும் பாடி கட்டும் பட்டறையும்

சென்னையில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் 1954இல் மெர்சிடிஸ்-பென்ஸ் கூட்டுறவுடன் லாரிகளைச் செய்யத் தொடங்கியது. அக்காலத்தில் தொழிற்சாலையிலிருந்து எஞ்சினும் சக்கரமும் கொண்ட சேசிஸ் மட்டுமே வெளிவரும். சரக்குப் பெட்டியை உள்ளூர்ப் பட்டறையில் கட்டிக்கொள்ள வேண்டும். இதற்குப் 'பாடி கட்டுதல்' என்று பெயர். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் இத்தொழிலில் சிறந்து விளங்கின.

பழைய லாரிகளின் தளம் மரப்பலகையால் ஆனது. மரம் ஓரளவு வளைந்து கொடுக்கும், அடியைத் தாங்கும், மூட்டைகளை வழுக்க விடாது. ஒரு பலகை உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் ஜல்லி, மணல், இரும்புக் கம்பி ஏற்றும் லாரிகளில் பலகை விரைவில் தேய்ந்தது. அதனால் பலகைமேல் இரும்புத் தகடு அடிக்கும் வழக்கம் வந்தது. வழுக்காமலிருக்கப் புள்ளி எழும்பிய செக்கர் பிளேட்டும் பயன்பட்டது. எந்தத் தளம் வேண்டும் என்பதை லாரி உரிமையாளரும் ஆசாரியும் பேசி முடிவு செய்தனர். 'என்ன லோடு அடிக்கப் போகிறீர்கள்?' என்பதே அங்கு முதற் கேள்வி.

மேலைநாட்டில் நெகிழி விரிப்பு

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1925இல் தன் மாடல் டி காரைத் திறந்த சரக்குப் பெட்டியுடன் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொழிற்சாலையிலேயே முழுமையாகச் செய்யப்பட்ட பிக்கப் வண்டிகளின் தொடக்கமாக இதைக் கொள்வர். பின்னர் வந்த பல அமெரிக்கப் பிக்கப்புகளிலும் நீண்ட காலம் மரத்தளம் இருந்தது. படிப்படியாக அந்த இடத்தை எஃகு பிடித்தது. எஃகு வலிமையானது. ஆனால் அதன் வண்ணப்பூச்சில் கீறல் விழுந்தால் அங்கே துரு தொடங்கிவிடும்.

இதற்குத் தீர்வு வேதியியலிலிருந்து வந்தது. ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடன் பணியாற்றியோரும் 1937இல் பாலியூரித்தேனை உருவாக்கினர். கார்ல் சீக்லர் 1953இல் குறைந்த அழுத்தத்தில் அடர்மிகு பாலிஎத்திலீன் செய்யும் முறையைக் கண்டார். இதற்காக 1963இல் இத்தாலியரான ஜூலியோ நாட்டாவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அடர்மிகு பாலிஎத்திலீனை அச்சில் வார்த்து, தட்டுப் போல வண்டியில் இறக்கி வைக்கும் விரிப்புகள் 1970களில் பரவின. 1980களில் பாலியூரியா என்னும் பூச்சு உருவானது. இரு திரவங்களைச் சூடாக்கி, அழுத்தத்துடன் தெளிக்கும்போது அவை சில நொடிகளில் இறுகித் தளத்தோடு ஒட்டிக்கொள்கின்றன.

குட்டி யானையின் வருகை

டாடா நிறுவனம் 2005இல் ஏஸ் என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. தமிழ் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று செல்லப் பெயர் இட்டனர். ஓசூரில் உருவான அசோக் லேலண்ட் தோஸ்த் 2011இல் வந்தது. இவை தொழிற்சாலையிலேயே எஃகுத் தளத்துடன் வருபவை. சொந்தமாக ஒரு வண்டி வாங்கித் தவணை கட்டிப் பிழைக்க எண்ணிய எளியோர்க்கு இவை வழிகாட்டின.

ஆனால் ஒரு மாற்றம் கவனிக்கப்படாமல் நிகழ்ந்தது. லாரிக் காலத்தில் ஏற்றப்போகும் சரக்கைக் கேட்டுத் தளம் அமைக்கப்பட்டது. இப்போது எல்லார்க்கும் ஒரே தகடுதான். எனவே தளத்தைக் காக்கும் பொறுப்பு வண்டி உரிமையாளரின் தலையில் விழுந்தது.

விரிப்பைத் தேர்ந்தெடுத்தல்

விரிப்பின் எடையை முதலில் பார்க்க வேண்டும். சுமார் 7 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட தளத்தின் பரப்பு 35 சதுர அடி, அதாவது 3.25 சதுர மீட்டர். இதன்மேல் 3 மில்லிமீட்டர் எஃகுத் தகடு போட்டால் எடை ஏறத்தாழ 76 கிலோ. 750 கிலோ ஏற்றும் வண்டியில் இது பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு நடையிலும் அவ்வளவு சரக்கை இழக்க நேரும். அதே தடிப்புள்ள அலுமினியத் தகடு 26 கிலோ. 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை ஏறக்குறைய அதே எடை. 5 மில்லிமீட்டர் பாலிஎத்திலீன் 15 கிலோ அளவு. 3 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் பூச்சு 11 கிலோவுக்குள் அடங்கும்.

அடுத்தது சரக்கின் தன்மை. மீனும் பனிக்கட்டியும் ஏற்றும் வண்டியில் உப்புநீர் வடிந்துகொண்டே இருக்கும். இறக்கி வைக்கும் நெகிழித் தட்டு இங்குப் பொருந்தாது. தட்டுக்கும் தகட்டுக்கும் இடையே நீர் தேங்கும். வண்டி ஆடும்போது தட்டு உரசி வண்ணத்தை எடுத்துவிடும். மேலே பளபளப்பாக இருக்க, அடியில் துரு வளரும். மூட்டு இல்லாமல் ஒட்டும் பூச்சே இதற்கு ஏற்றது. உப்பு மூட்டை ஏற்றுவோர்க்கும் இது பொருந்தும்.

செங்கல், ஜல்லி, சவுக்குக் கட்டை ஆகியவை அடிக்கும், கீறும். இவற்றுக்கு எடை கூடினாலும் தகடோ தடித்த பலகையோ நல்லது. காய்கறிக் கூடை, வீட்டுச் சாமான், குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றுக்கு ரப்பர் விரிப்பு போதும். அது வழுக்காது, விலையும் குறைவு, தூக்கிக் கழுவி உலர்த்தலாம். உலர்த்துவதே முக்கியம். கடலோர ஊரில் ரப்பர் விரிப்பை வாரம் ஒருமுறையாவது எடுக்காவிட்டால் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் போர்வையாகிவிடும்.

தெளிப்புப் பூச்சுக்கும் குறைகள் உண்டு. பழைய துருவை முழுதும் தேய்த்து எடுக்காமல் பூசினால், துரு உள்ளேயே தொடரும். பூசியபின் எளிதில் நீக்க முடியாது. தெளிக்கும்போது எழும் ஐசோசயனேட் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானது. தகுந்த சுவாசக் கவசம் இன்றி எவரும் இவ்வேலையைச் செய்யக் கூடாது.

கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்து

நெகிழி மின்சாரத்தைக் கடத்தாது. நெகிழி விரிப்பின்மேல் வைத்த கேனில் பெட்ரோல் பிடிக்கும்போது, உண்டாகும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியின்றித் தேங்கும். ஒரு பொறி பறந்தால் ஆவி பற்றிக்கொள்ளும். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998இலேயே இதுபற்றி எச்சரித்தது. உலோகக் கேனுக்கும் இது பொருந்தும். கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தே எரிபொருள் பிடிக்க வேண்டும்.

முடிவுரை

ஸ்ரீசிட்டி ஆலையில் 2016இல் உற்பத்தி தொடங்கிய இசுசு போன்ற நிறுவனங்களின் பிக்கப்புகள் சொந்தப் பயணத்துக்கும் வாங்கப்படுகின்றன. அவற்றில் விரிப்பு அழகுக்காகவும் போடப்படலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் மீனும் பகலில் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் செல்லும் சிறு வண்டிக்காரர் நிலை வேறு. தவணை முடியும் முன்பே தளம் ஓட்டையானால், வண்டியை விற்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது. ஆகவே விலையை மட்டுமோ பளபளப்பை மட்டுமோ பார்த்து அவர் முடிவு செய்யக் கூடாது. பழைய பட்டறைகளில் கேட்ட கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: என்ன சரக்கு, எத்தனை கிலோ, எவ்வளவு ஈரம்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால் பொருத்தமான விரிப்பும் தெரிந்துவிடும்.