வரப்புச் சண்டையும் வழக்குத் தீர்த்தவர்களும்

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே எட்டயபுரம் பஸ்ஸில் போனால் இரு பக்கமும் கரிசல். ஆறு கிடையாது, கண்மாய் பெருகினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இப்படிப்பட்ட மானாவாரிப் பூமியில் ஒரு கண்மாயோடு ஓர் ஊர் கைமாறுவது சின்ன விஷயமல்ல.

பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் இருந்த பகையின் வேர் அங்கேதான் இருக்கிறது. இரண்டு பாளையத்தாரும் கம்பளத்து நாயக்கர்கள். ஏறக்குறையப் பங்காளிச் சண்டை. கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) நில அளவையில் அருங்குளம், சுப்பலாபுரம் ஆகிய ஊர்கள் எட்டயபுரத்தின் பக்கம் போனதைப் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் ஏற்கவில்லை. எட்டயபுரத்துப் பாளையக்காரரின் எட்டப்பன் என்ற பெயரை வசையாகவே கேட்டு வளர்ந்த நாம் இந்த எல்லைத் தகராறைப் பேசுவதே இல்லை. துரோகத்துக்கு முன்னால் ஒரு வரப்பு இருந்தது.

இதே கதை ஸ்காட்லாந்து மலைநாட்டிலும் நடந்திருக்கிறது. ஆர்க்கெய்க் ஏரிக்கரை நிலம் தங்களுடையது என்றார்கள் மக்கிண்டாஷ் குலத்தார். அதில் குடியிருந்து ஆண்டவர்கள் கேமரன் குலத்தார். குத்தகை வரவில்லையென்று மக்கிண்டாஷ்கள் மாடுகளை ஓட்டிப்போக, இன்வர்நஹேவன் என்ற ஆற்றுக் கூடலில் போர் மூண்டது. 1370 என்றும் 1386 என்றும் ஆண்டைச் சொல்வார்கள். மக்கிண்டாஷுக்குத் துணையாக வந்த மெக்ஃபர்சன், டேவிட்சன் குலங்களுக்குள் வலப்பக்க அணியில் யார் நிற்பது என்று மரியாதைத் தகராறு வந்தது. கோபித்துக்கொண்டு மெக்ஃபர்சன்கள் விலகி நின்றார்கள். டேவிட்சன்கள் வெட்டுண்டு மடிந்தார்கள். பிறகு விலகியவர்களே திரும்பி வந்து கேமரன்களை விரட்டியதாகக் கதை. கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்கு மண்டை உடைந்ததைப் பார்த்த நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பகை ஏறக்குறைய முந்நூறு ஆண்டு நீடித்தது. 1665-இல் இரு படைகளும் ஆர்க்கெய்க் ஆற்றின் இரு கரையில் நின்றபோது, கேமரன்களுக்கு உறவான காம்பெல் ஒருவர் தம் ஆட்களோடு குறுக்கே வந்து சமரசம் பேசினார். 72,500 மெர்க் பணம் பேசி நிலத்தைக் கேமரன் தலைவர் வாங்கிக்கொண்டார். ஒரே நாட்டார், ஒருவரையொருவர் அறிந்தவர்கள், பேச்சில் முடிந்தது. அந்த ஏரிக்குப் பக்கத்திலுள்ள அக்னகேரியில்தான் இன்றும் கேமரன் தலைவரின் வீடு இருக்கிறது.

நம் வழக்கில் நடுவராக வந்தது கும்பினி. அதற்கு வேண்டியது கிஸ்தி. இரண்டு ஊர் யாருக்கு என்பதில் அதற்கு அக்கறை இல்லை. இருவரும் பிரிந்து கிடப்பதில்தான் லாபம். 1799 செப்டம்பரில் கும்பினியின் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபோது எட்டயபுரத்து ஆட்கள் கும்பினியின் பக்கம் நின்றார்கள். அக்டோபரில் கயத்தாற்றில் மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டிவைத்து, அவர்கள் கண்ணெதிரே கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அது தண்டனை மட்டுமல்ல, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எச்சரிக்கையும்கூட. 1801-இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை மீண்டும் கட்டிய கோட்டையும் மே மாதம் விழுந்தது.

எட்டப்பரை நான் விடுவிக்க வரவில்லை. பக்கத்து வரப்பை வெல்ல அந்நியனின் பீரங்கியை அழைத்தது மன்னிக்க முடியாத தவறு. ஆனால் அந்தத் தவறுக்கு வழிவிட்டது ஆறாத எல்லைத் தகராறு. அதை ஊதிப் பெரிதாக்கியது கும்பினி. பழி முழுவதையும் ஒரு பெயரின் தலையில் கட்டினால் கும்பினி தப்பித்துக்கொள்கிறது.

பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பங்கு எட்டயபுரத்துக்குக் கிடைத்தது. 1801 டிசம்பரில் பாளையக்காரர்கள் எல்லோருமே ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென்று கும்பினி அறிவித்தது. 1803-இல் எட்டயபுரம் பாளையம், கிஸ்தி கட்டும் ஜமீன் ஆனது.