அமெரிக்க வேளாண் மானியங்கள்: கவுண்டி அளவில் வழங்கலும் பெறுநர்களும்

அமெரிக்க வேளாண் மானியங்கள் என்பவை விலைச் சரிவையும் விளைச்சல் இழப்பையும் ஈடுகட்டக் கூட்டரசு உழவர்களுக்கும் நில உரிமையாளர்களுக்கும் வழங்கும் நிதியுதவிகள். சட்டமும் பணமும் வாஷிங்டனிலிருந்து வருகின்றன. நிலக் கணக்கைச் சரிபார்த்து விண்ணப்பம் பெறுவது மாநிலத்தின் உட்பிரிவான கவுண்டியில் நடக்கிறது. தொகை பெரும்பாலும் பயிரையும் பரப்பையும் வைத்தே கணக்கிடப்படுவதால், அதிக நிலத்தில் சாகுபடி செய்வோருக்கே பெரும்பங்கு சேர்கிறது.

வரலாறு

பெருமந்தத்தில் விளைபொருள் விலை வீழ்ந்தபோது, அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அரசு 1933இல் வேளாண் சீரமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சாகுபடிப் பரப்பைக் குறைத்தவர்களுக்குப் பணம் கிடைத்தது. அவ்வாண்டு சுமார் 1 கோடி ஏக்கர் பருத்திப் பயிர் உழுது அழிக்கப்பட்டது. தென் மாநிலங்களில் இப்பணத்தின் பெரும்பகுதி நிலவுடைமையாளர்களிடமே தங்கியது. வேலையிழந்த வாரதாரர்கள் பலர் வெளியேற்றப்பட்டனர். இதை எதிர்த்து 1934இல் ஆர்கன்சா மாநிலத்தின் பாயின்செட் கவுண்டியில், டைரன்சா என்னும் ஊரில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து தெற்குக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கினர். முதல் சட்டத்தை 1936இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 1938இல் புதிய சட்டம் வந்தது. பின்னர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிறைவேறும் ‘பண்ணைச் சட்டம்’ மானிய விதிகளைத் திருத்திவருகிறது.

வகைகள்

விலை எப்படி இருந்தாலும் ஆண்டுதோறும் வழங்கப்பட்ட நேரடித் தொகையை 2014ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது. அதற்குப் பதிலாக இரு முக்கியத் திட்டங்கள் வந்தன. ஒன்று, சந்தை விலை சட்டத்தில் குறித்த விலைக்குக் கீழே போனால் ஈடு தருகிறது. மற்றொன்று, கவுண்டியின் சராசரி விளைச்சலையும் விலையையும் பெருக்கி வரும் வருவாய் குறைந்தால் ஈடு தருகிறது. எனவே ஒரே பயிருக்கு அடுத்தடுத்த கவுண்டிகளில் வெவ்வேறு தொகை கிடைக்கலாம். மக்காச்சோளம், சோயா, கோதுமை, பருத்தி, நெல், நிலக்கடலை ஆகியவை முக்கியப் பயிர்கள். காய்கறிக்கும் பழத்துக்கும் இவ்விரு திட்டங்களில் இடமில்லை. இவை தவிர, பயிர்க் காப்பீட்டுக் கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கு மேல் அரசு ஏற்கிறது. 1985இல் தொடங்கிய நில வளப் பாதுகாப்புத் திட்டம், எளிதில் அரிக்கப்படும் நிலத்தை 10 முதல் 15 ஆண்டுகள் சாகுபடியின்றி விட்டுவைக்க வாடகை தருகிறது.

கவுண்டி அலுவலகம்

வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமைக்கு நாடெங்கும் 2,000க்கும் மேற்பட்ட கவுண்டி அலுவலகங்கள் உள்ளன. எந்த வயலில் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்பதை உழவர்கள் ஆண்டுதோறும் இங்கே பதிய வேண்டும். உள்ளூர் உழவர்கள் தேர்ந்தெடுக்கும் குழு அலுவலகப் பணியை மேற்பார்வையிடுகிறது. தென் மாநிலங்களில் இக்குழுக்கள் நெடுங்காலம் வெள்ளையர் வசமே இருந்தன. கடன் வழங்குவதில் பாகுபாடு காட்டப்பட்டதாகக் கறுப்பின உழவர்கள் தொடுத்த பிக்ஃபோர்டு வழக்கில் 1999இல் உடன்பாடு ஏற்பட்டது. விடுபட்டோருக்காக 2010இல் மேலும் 125 கோடி டாலர் ஒப்புக்கொள்ளப்பட்டது.

பெறுநர்கள்

1995 முதல் வழங்கப்பட்ட பயிர் மானியத்தில் முக்கால் பங்குக்கு மேல், பெறுநர்களில் முதல் 10 சதவீதத்தினருக்குச் சென்றதாகச் சுற்றுச்சூழல் பணிக்குழு என்னும் அமைப்பு அரசுப் பதிவேடுகளிலிருந்து கணக்கிட்டுள்ளது. 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என வரம்பு விதித்தது. 2025இல் அது 1,55,000 ஆனது. கூட்டுப் பண்ணையில் பங்காளி ஒவ்வொருவருக்கும் தனி வரம்பு உண்டு என்பதால், ஒரே பண்ணை பல மடங்கு பெற முடியும். ரொக்கக் குத்தகை நிலத்தில் தொகை சாகுபடியாளரின் பெயரில் வந்தாலும், குத்தகை உயர்வு வழியாக ஒரு பகுதி நிலவுடைமையாளரைச் சேர்கிறது.

பயிர்க் காப்பீட்டு மானியத்துக்கு மேற்கண்ட வரம்பு பொருந்தாது. அதைப் பெறுவோரின் பெயர்களும் வெளியிடப்படுவதில்லை. எனவே எந்தக் கவுண்டியின் பெறுநர் பட்டியலும் முழுமையானது அல்ல.