புரோசைனோசெபலஸ்: அழிந்துபோன இந்தியக் குரங்கு, டோல்கேட்டில் தோண்டினா கிடைக்குமா?

குரங்கின் புதைபடிவம் கிடைக்கவே கிடைக்காது என்ற எண்ணம் ஒருகாலத்தில் இருந்தது. அதை உடைத்தது நம்ம நாட்டில் கிடைத்த ஒரு தாடைத் துண்டு!

எங்கே கிடைத்தது?
சட்லெஜ் ஆற்றை ஒட்டிய சிவாலிக் மலையில். பேக்கர், டியூராண்ட் என்ற 2 ராணுவப் பொறியாளர்கள் 1836-ல் இதை அறிவித்தனர்.

எப்படி இருந்திருக்கும்?
உடம்பு பெருசு. பபூன் மாதிரி பெரும்பாலும் தரையில் நடமாடியது. வாழ்ந்தது சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு.

பெயர் வந்தது எப்போது?
சீனாவில் கிடைத்த எலும்புகளை வைத்து 1924-ல் ஷ்லாசர் சூட்டினார். சிவாலிக் தாடை பின்னர் இதே இனத்தில் சேர்க்கப்பட்டது.

டோல்கேட்டில் கிடைக்குமா?
வாய்ப்பு ரொம்பக் குறைவு. சிவாலிக்கில் ஆறுகள் அடித்து வந்த வண்டல் எலும்புகளை மூடிக் காப்பாற்றியது. டோல்கேட் கடலோர மணலோ, அந்தக் குரங்கைவிட வயசில் ரொம்பச் சின்னது.