ஊருக்குள் ஒரு ஓநாய்

எங்கட செட்டுக்குள்ள யாராவது ஒருத்தர் எப்பவும் ஒரு நகர்ப்புற ஃபான்டசி நாவலோடதான் திரிவார். கதைகள் பெரும்பாலும் ஒரு மாதிரித்தான் தொடங்கும். ஒரு சின்ன நகரம். பஸ் ஓடுது, பள்ளிக்கூடம் நடக்குது, கடையில ஆக்கள் சாமான் வாங்குகினம். அந்த ஆக்களில் சிலர் முழு மனிதர் இல்லை, இரவில் ஓநாயாக உருமாறக் கூடியவர்கள். பக்கத்து வீட்டில் இருப்பது யார் என்று தெரியாத பயம்தான் கதையை நகர்த்தும்.

இப்படி நாலைந்து நாவல் வாசித்த பிறகு எங்களுக்கு ஒரு கேள்வி வந்தது. உருமாறிகள் தங்களோடு ஒரே ஊரில் இருக்கிறார்கள் என்று நிசமாகவே நம்பிய மனிதர்கள் இருந்தார்கள்தானே, அவர்களுடைய ஊர்களில் என்ன நடந்தது? தேடிப் போனபோது நாவல்களை விடப் பயங்கரமான, சில இடங்களில் நாவல்களை விட அழகான விசயங்கள் கிடைத்தன.

16ஆம், 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் 'ஓநாய் மனிதன்' என்பது கதைப் பாத்திரம் மட்டும் இல்லை. அது ஒரு குற்றச்சாட்டு. அதற்கு நீதிபதி இருந்தார், சாட்சி இருந்தது, தண்டனை இருந்தது. சினிமாவில் நாங்கள் பார்க்கிற மாதிரி கடி வாங்கி ஓநாயாகிறது அந்த வழக்குகளில் முக்கியமே இல்லை. அவற்றில் வருவது பிசாசோடு செய்த ஒப்பந்தம், பூசிக்கொள்ளும் களிம்பு, போர்த்திக்கொள்ளும் தோல், இடுப்பில் கட்டும் வார். அதாவது ஓநாயாவது ஒரு வருத்தம் இல்லை, நீ விரும்பிச் செய்த குற்றம்.

மிகப் பிரபலமான வழக்கு ஜேர்மனியில் கொலோன் நகருக்குப் பக்கத்திலுள்ள பெட்பூர்க்கில் நடந்தது. குற்றவாளி பீற்றர் ஸ்டம்ப். அவர் 1589 ஒக்ரோபர் 31இல் சக்கரத்தில் கட்டிச் சிதைத்துக் கொல்லப்பட்டார். அவருடைய மகளும் இன்னொரு பெண்ணும் அவரோடு சேர்த்துத் தண்டிக்கப்பட்டார்கள். அடுத்த வருடமே, 1590இல், இந்தக் கதை லண்டனில் ஆங்கிலத் துண்டுப் பிரசுரமாக அச்சாகி விற்பனைக்கு வந்தது. இன்றைக்கு இந்த வழக்கைப் பற்றி எங்களுக்குத் தெரிவதில் பெரும்பகுதி அப்படியான பிரசுரங்களில் இருந்து வந்ததுதான்.

அந்தப் பிரசுரத்தில் ஒரு காட்சி இருக்கு. ஸ்டம்ப் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து போவாராம். அவரால் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஆக்களே அவருக்கு வணக்கம் சொல்லுவார்களாம். 400 வருடத்துக்கு முந்தைய எழுத்து, ஆனால் இன்றைய நகர்ப்புற ஃபான்டசியின் மையப் பயம் அப்படியே அதுக்குள்ள இருக்கு.

ஆனால் ஆதாரம் என்ன? ஸ்டம்ப் சித்திரவதைக்குப் பயந்து வாக்குமூலம் கொடுத்தார். பிசாசு தந்த வாரைக் கட்டினால் ஓநாய் ஆவேன், கழற்றினால் மனிதன் ஆவேன் என்றார். வாரை ஒளித்து வைத்ததாகச் சொன்ன இடத்தில் தேடினார்கள், ஒன்றும் இல்லை. அதற்காக வழக்கு விழவில்லை. பிசாசு அதைத் திருப்பி எடுத்திருக்கும் என்று முடிவு கட்டினார்கள். ஆதாரம் கிடைக்காததும் குற்றத்துக்கு ஆதாரமாகிப் போச்சு. சித்திரவதைப் பயத்தில் வந்த வாக்குமூலத்தை வைத்து ஒரு ஆளின் கதையை முடிப்பது எப்படி இருக்கும் என்று எங்கட நாட்டில் வளர்ந்தவர்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேணும். 1583இல் இருந்து 1588 வரை கொலோன் பகுதியில் கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையே போர் நடந்தது. படைகள் ஊர்களைச் சூறையாடின. அந்தப் போர் முடிந்த அடுத்த வருடம் ஊருக்குள் ஒரு ஓநாய் 'பிடிபடுகிறது'. ஸ்டம்ப் உண்மையில் கொலை செய்தாரா இல்லையா என்று இன்று யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அத்தனை சாவுகளைக் கண்ட ஒரு ஊருக்குச் சுட்டிக்காட்ட ஒரு முகம் தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கிறோம்.

எல்லா நீதிமன்றமும் ஒரே மாதிரி நடக்கவில்லை. 1603இல் பிரான்சின் தென்மேற்கில் ஜான் கிரெனியே என்ற பெடியன் பிடிபட்டான். வயது 13, 14 இருக்கும். வீட்டை விட்டு ஓடி, பிச்சை எடுத்துத் திரிந்தவன். மந்தை மேய்க்கிற பெட்டையளிடம் தான் ஒரு ஓநாய் என்று பெருமையடித்திருக்கிறான். கீழ் நீதிமன்றத்தில் இருந்து வழக்கு போர்தோ நகரின் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே மருத்துவர்களிடமும் கருத்துக் கேட்டார்கள். கடைசியில் அவனைக் கொல்லவில்லை. புத்தி தெளிவில்லாத, கவனிப்பார் இல்லாத பிள்ளை என்று சொல்லி ஒரு மடத்தில் அடைத்தார்கள். அதுவும் ஆயுள் சிறைதான். ஆனாலும் ஓநாய்க்குப் பதிலாக அங்கே ஒரு பிள்ளையைப் பார்க்கக் கூடிய நீதிபதிகள் இருந்திருக்கிறார்கள்.

எங்களுக்கு மிகவும் பிடித்த ஆள் மூன்றாவது. இடம் லிவோனியா, இன்றைய லத்வியா. ஆட்சி சுவீடனுடையது, நிலம் ஜேர்மன் பிரபுக்களுடையது, அதில் உழைத்த லத்விய விவசாயிகள் பண்ணையடிமைகள். 1691இல் யூர்கன்ஸ்பூர்க் என்ற இடத்தில் ஒரு தேவாலயத் திருட்டு வழக்கு. சாட்சிகளில் ஒருவர் ஒரு தவறணைக்காரர். அவர் சத்தியம் எடுத்துவிட்டுச் சிரித்தார். ஏன் சிரிக்கிறாய் என்று நீதிபதிகள் கேட்டார்கள். என் வீட்டில் குடியிருக்கிற கிழவன் தீசும் சத்தியம் எடுக்கப் போகிறாரே, அவர் ஓநாய் மனிதன் என்று எல்லாருக்கும் தெரியுமே என்றார்.

தீசுக்கு 80 வயதுக்கு மேல். அவர் மறுக்கவில்லை. யாரும் அவரைச் சித்திரவதை செய்யவும் இல்லை. ஓம், நான் ஓநாய்தான் என்று தொடங்கி அவர் சொன்ன கதை நீதிபதிகளைத் திணறடித்தது. ஓநாய் மனிதர்கள் பிசாசின் ஆக்கள் இல்லை, கடவுளின் நாய்கள். சூனியக்காரர் ஊரின் தானியத்தையும் விளைச்சலையும் களவெடுத்து நரகத்துக்குள் கொண்டு போகிறார்கள். வருடத்தில் மூன்று இரவு ஓநாய்கள் நரகத்துக்குள் இறங்கி, சண்டை பிடித்து அதை மீட்டு வருகின்றன. அவை வென்றால் அந்த வருடம் நல்ல விளைச்சல். ஜேர்மனியர்களும் உங்களோடு சேர்ந்து வருவார்களா என்று கேட்டபோது, அவர்களுக்கு வேறு நரகம் இருக்கு என்றார்.

பாதிரியார் வந்து மனந்திரும்பச் சொன்னார். தீஸ் கேட்கவில்லை. பாதிரியாரை விடத் தனக்கு இந்த விசயம் நன்றாக விளங்கும், அவர் இன்னும் இளம் ஆள்தானே என்றார். 1692இல் தீர்ப்பு வந்தது: சவுக்கடி, நாடு கடத்தல்.

இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1966இல் வெளியான தன் நூலில் தீசைப் பற்றி எழுதினார். கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய நம்பிக்கை ஒன்றின் எச்சத்தை அவர் இதில் கண்டார். புரூஸ் லிங்கன் வேறு மாதிரிப் பார்க்கிறார். தங்கள் விளைச்சலை எடுத்துக்கொள்ளும் ஜேர்மன் எசமான்களுக்கு ஒரு விவசாயி கொடுத்த பதில் இது என்கிறார். இரண்டு பேரும் 2020இல் சேர்ந்தே ஒரு புத்தகம் போட்டார்கள். எங்கட மனம் லிங்கன் பக்கம்தான் சாயுது. தானியம் எங்கே போகிறது என்று தீசுக்குத் தெரியும். அந்த 'வேறு நரகம்' சும்மா வந்த வசனமாக எங்களுக்குப் படவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு நாவல்களுக்குத் திரும்பினால் அவை வேறு மாதிரித் தெரியும். கை எண்டோர் 1933இல் எழுதிய 'பாரிசின் ஓநாய் மனிதன்' நாவல் 1870-71 காலத்துப் பாரிசில் நடக்கிறது. ஒரு ஓநாய் மனிதன் சிலரைக் கொல்கிறான். அதே நகரில் பாரிஸ் கொம்யூனை அடக்கிய அரச படைகள் ஆயிரக்கணக்கான மனிதர்களைச் சுட்டுக் கொல்கின்றன. இதில் யார் மிருகம் என்று எண்டோர் நேராகவே கேட்கிறார். ரெறி பிரச்செற்றின் 'மென் அற் ஆம்ஸ்' (1993) நாவலில் அங்குவா நகரக் காவலில் சேர்கிறாள். சிறுபான்மையினரை எடுக்க வேணும் என்ற உத்தரவில்தான் அவளையும் எடுக்கிறார்கள். பெண் என்பதால்தான் போல என்று வாசிக்கிற நாங்களும் நினைக்கிறோம். அவள் ஓநாய் என்பது பிறகுதான் தெரிகிறது. ஹரி பொட்டரில் நல்ல ஆசிரியரான லூபின், தன் இரகசியம் வெளியே வந்ததும் வேலையை விட்டுப் போகிறார். ஓநாய் தங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதைப் பெற்றோர் விரும்ப மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மனிதரும் உருமாறிகளும் ஒரே ஊரில் சேர்ந்து வாழ முடியுமா என்று இந்த நாவல்கள் கேட்கும்போது, எங்களுக்கு அந்தத் தவறணைக்காரரின் சிரிப்புத்தான் ஞாபகம் வருது. அவருக்குத் தன் வீட்டில் இருப்பது யார் என்று தெரியும். ஊருக்கும் தெரியும். தீஸ் அந்த ஊர் ஆக்களுக்கும் மாடுகளுக்கும் வைத்தியம் பார்த்தவர். பத்து வருடத்துக்கு முதல் இதே கதையை வேறு நீதிபதிகளிடம் சொன்னபோது, அவர்கள் சிரித்துவிட்டு அவரை அனுப்பியிருந்தார்கள். ஓநாயோடு அந்த ஊர் சண்டையில்லாமல் இருந்திருக்கு. அவரை அங்கிருந்து துரத்தியது நீதிமன்றம்.