கங்காணியின் கோபம்

இலங்கை மலையகத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் கூலியையும் ஏற்றுமதியையும் விடாமல் எழுதுகிறார்கள். ஆனால் ஒரே தேயிலை மலையில் நிரை பிடித்து நின்றவர்களுக்குள் யார் கோபப்படலாம், யார் அடங்கிப்போக வேண்டும் என்பதும் வரலாறுதான். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்தில் பிறந்த எனக்கு அது வீட்டுக் கதை.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலைநோய் அதுவரை பயிரிட்டுவந்த கோப்பியை அழித்தது. கோப்பிக்குப் பருவத்தில் ஆள் வந்தால் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். பெண்கள் குடும்பத்தோடு லயம் என்ற வரிசை வீடுகளில் தங்கினார்கள், கொழுந்து மலை அவர்களுடையதாயிற்று. அவர்களுக்கு மேலே சில்லறைக் கங்காணி, பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை, கண்டக்டர், துரை என்று எல்லாரும் ஆண்கள்.

வேலைக்கு இறங்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குப் பென்ஸ் காசு உண்டு. ஓர் ஆள் குறைந்தால் நட்டம் அவருக்கு. ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் விடியற்காலையில் எழுந்த ஏச்சுக்கு அதுவே காரணம். ஆட்களைக் கடனில் கட்டிவைத்த துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழித்தது, ஏச்சு ஒழியவில்லை. அதே கங்காணி துரை வந்தால் கைகட்டி, குரல் இறங்கி நிற்பார் என்று என் அம்மாயி சொல்வார்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆண்கள் ஏச்சு வாங்கினால் எதிர்த்து இரண்டு வார்த்தை கேட்பார்கள். அன்றைய வேலைக் கணக்கு முடிந்ததும் வீடு திரும்புவார்கள். பெண் எதிர்த்துப் பேசினால் "வாய்க்காரி" என்ற பேர் வரும், அந்தி நிறுவையில் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, விழும். அந்தப் பயத்தில் அம்மாயி வாய் திறந்ததில்லை. ஆனால் கங்காணி முதுகைத் திருப்பியதும் நிரை முழுக்கக் கேலி ஓடும். மனத்தில் கிடந்த ஆத்திரமெல்லாம் சாவு வீட்டு ஒப்பாரியில் வெளிவரும்.

சட்டமும் இந்த ஏற்றத்தாழ்வை எழுதிவைத்தது. 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். 1930களில் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் சங்க மேடைகளில் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாகப் பாடினார். ஒப்பாரிக்குள் அடைபட்டிருந்த ஆத்திரத்தை ஒரு பெண் கூட்டத்தின் முன்னால் நின்று உரிமைக் கோரிக்கையாக்கியது பெரிய காரியம்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி சமமாக 1984 வரை காத்திருக்க நேர்ந்தது. கங்காணி வேலை அதற்குப் பிறகும் பெரும்பாலும் ஆண்கள் கையிலேயே இருந்தது. கொழுந்து பறிப்பவர்களுக்குள்ளிருந்தே கங்காணியையும் சங்கத் தலைவரையும் எடுக்க வேண்டும். "இந்த நிறுவை தப்பு" என்று ஒரு பெண் அரைப்பேருக்குப் பயப்படாமல் உரக்கச் சொல்ல அதுவே வழி.