தலைப்பாகைக்காக ரத்தம் சிந்திய வேலூர்... முடியை வெட்டாத சீக்கியர்கள்! இரண்டுக்கும் என்ன தொடர்பு? முழு விவரம்

தலையில் என்ன கட்டுவது, தாடியை வைப்பதா எடுப்பதா என்பதெல்லாம் அவரவர் விருப்பம் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் இதே விஷயத்துக்காக ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் உயிரிழந்த ஊர் நம்ம வேலூர். இன்னொரு பக்கம், 300 ஆண்டுகளுக்கும் மேலாக முடியை வெட்டாமல், தலைப்பாகையை விட்டுக்கொடுக்காமல் வாழ்கிறார்கள் சீக்கியர்கள். இந்த இரண்டு வரலாறும் ஆங்கிலேய ராணுவத்தில் வந்து சந்தித்துக்கொள்வதுதான் சுவாரஸ்யம். விரிவாகப் பார்க்கலாம்.

1806-ல் வேலூரில் என்ன நடந்தது?

ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர் எல்லாம் இன்று திருப்பத்தூர் மாவட்டம். 2019 வரை வேலூர் மாவட்டமாகத்தான் இருந்தன. இந்தப் பகுதியில் பள்ளிக்கூடம் படித்தவர்களுக்கு 'வேலூர் சிப்பாய் புரட்சி' பாடம் ஞாபகம் இருக்கும். 1857 புரட்சிக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1806 ஜூலை 10-ம் தேதி நடந்தது அது.

அப்போது சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக். படை முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று 1805 நவம்பர் முதல் அடுத்த சில மாதங்களில் புது விதிகள் வந்தன.

* சீருடையில் இருக்கும்போது நெற்றியில் விபூதி, நாமம் போன்ற குறிகள் கூடாது.
* காதில் கடுக்கன் போடக் கூடாது.
* தாடியை மழிக்க வேண்டும். மீசையும் எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.
* பழைய தலைப்பாகைக்குப் பதில், ஐரோப்பியத் தொப்பி போன்ற புது தலைப்பாகை அணிய வேண்டும்.

அந்தப் புது தலைப்பாகையில் தோலில் செய்த ஒரு பதக்கமும் இருந்தது. அது மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்ற சந்தேகம் எழுந்தது. மாடு என்றால் இந்து சிப்பாய்களுக்கு ஆகாது. பன்றி என்றால் முஸ்லிம் சிப்பாய்களுக்கு ஆகாது.

இன்று இந்தப் பகுதியில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவதே தோல் தொழிலால்தான். அதனால் 'தோலுக்கா இவ்வளவு பிரச்னை?' என்று கேட்கத் தோன்றலாம். தோல் என்பது மட்டும் பிரச்னை இல்லை. உன் தலையில் எது இருக்க வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்று இன்னொருவர் உத்தரவு போட்டதுதான் பிரச்னை. தொப்பி போட வைத்த பிறகு மதம் மாற்றிவிடுவார்கள் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது.

எச்சரிக்கை மணி அடித்தும் கேட்கவில்லையா?

1806 மே மாதமே வேலூரில் ஒரு படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள் புது தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். அவர்கள் சென்னைக் கோட்டைக்கு அனுப்பப்பட்டு விசாரிக்கப்பட்டார்கள். இரண்டு பேருக்குக் கசையடி கொடுத்து வேலையை விட்டே நீக்கினார்கள். அவர்களில் ஒருவர் இந்து, இன்னொருவர் முஸ்லிம். மன்னிப்புக் கேட்ட மற்றவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் உத்தரவு மட்டும் திரும்பப் பெறப்படவில்லை.

ஜூலை 10 விடிவதற்குள் வேலூர் கோட்டைக்குள் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கினார்கள். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். 100-க்கும் அதிகமான ஐரோப்பிய வீரர்களும் உயிரிழந்தார்கள். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவரது குடும்பத்தினர் இதே கோட்டையில்தான் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். சிப்பாய்கள் மைசூர் கொடியைக் கோட்டையில் ஏற்றினார்கள்.

ஆனால் தகவல் சுமார் 25 கி.மீ. தொலைவில் இருந்த ஆற்காடு முகாமுக்குப் போய்விட்டது. கர்னல் கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே கோட்டையை மீட்டார். சரணடைய வழியில்லாமல் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டவர்களே சுமார் 100 பேர். இறந்த சிப்பாய்களின் மொத்த எண்ணிக்கை சுமார் 350 என்றும், அதற்கு மேல் 800 வரை என்றும் கணக்குகள் மாறுபடுகின்றன. பிடிபட்டவர்களில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள்.

திப்பு குடும்பத்தின் சதிதான் காரணமா, தலைப்பாகை உத்தரவுதான் காரணமா என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஒன்று மட்டும் உறுதி. அதன்பிறகு அந்தத் தலைப்பாகை உத்தரவு ரத்தானது. தளபதி கிரடாக், சென்னை ஆளுநர் வில்லியம் பென்டிங்க் இருவரும் 1807-ல் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

சரி, சீக்கியர்கள் ஏன் முடி வெட்டுவதில்லை?

இந்தக் கேள்விக்கு 1699-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு வைசாகி திருநாளில், பஞ்சாபின் ஆனந்த்பூர் சாகிப்பில் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங் 'கால்சா' என்ற அமைப்பை உருவாக்கினார். உயிரையே கொடுக்க முன்வந்த ஐந்து பேர் முதலில் தீட்சை பெற்றார்கள். அந்த ஐவரில் ஒருவர் நம்ம பக்கத்து மாநிலமான கர்நாடகாவின் பீதரைச் சேர்ந்தவர் என்பது சீக்கியர் மரபு. இந்த நிகழ்வைப் பற்றி நம்ம முண்டாசுக் கவிஞர் பாரதியாரே 'குரு கோவிந்தர்' என்ற தலைப்பில் எழுதியிருக்கிறார்.

தீட்சை பெற்றவர்கள் எப்போதும் உடலோடு வைத்திருக்க வேண்டிய ஐந்து அடையாளங்கள் உண்டு. கேஷ் (வெட்டாத முடி), கங்கா (மரச் சீப்பு), கடா (இரும்புக் காப்பு), கச்சேரா (உள்ளாடை), கிர்பான் (குறுவாள்). பஞ்சாபியில் ஐந்துமே 'க'வில் தொடங்குவதால் 'பஞ்ச ககார்' என்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் தலைப்பாகை இல்லை, கவனித்தீர்களா? பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். அடிப்படை விதி முடியை வெட்டாமல் இருப்பது. அந்த முடியைச் சுத்தமாக, மரியாதையாகக் காக்கவே தலைப்பாகை. ஆனாலும் ஆண்களுக்கு அது கட்டாயம் என்று சீக்கியர் நடத்தை விதிகள் சொல்கின்றன. பெண்களுக்கு அவரவர் விருப்பம்.

நம்ம ஊரில் வேண்டுதல் என்றால் மொட்டை போட்டு முடியைக் காணிக்கை கொடுப்போம். அவர்களுக்கோ கடவுள் கொடுத்த முடியை அப்படியே வைத்திருப்பதுதான் பக்தி. வழி வேறு, உணர்வு ஒன்றுதான்.

தலைப்பாகை எப்படி கெளரவச் சின்னம் ஆனது?

முகலாயர் காலத்தில் பெரிய தலைப்பாகை என்பது அரசர், பிரபுக்களின் அடையாளம். ஆறாவது குரு ஹர்கோவிந்த், இடுப்பில் இரண்டு வாளும் தலையில் இறகு சூடிய தலைப்பாகையுமாக இருந்ததாகச் சொல்வார்கள். பின்னர் கால்சாவில் சேர்ந்த உழவர், தொழிலாளி, எந்தச் சாதிக்காரராக இருந்தாலும் அதே தலைப்பாகையைக் கட்டினார். 'இங்கே யாரும் கீழே இல்லை' என்று சொல்லாமல் சொன்ன துணி அது.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1745-ல் லாகூரில் பாய் தாரு சிங், முடியை வெட்டச் சம்மதிக்காததால் தலைத் தோலோடு சேர்த்து முடி நீக்கப்பட்டு இறந்தார் என்று சீக்கியர்கள் இன்றும் தங்கள் பிரார்த்தனையில் நினைவுகூர்கிறார்கள். நம் காலத்திலும் இது நடந்தது. 1984 டெல்லி வன்முறையில், உயிர் தப்புவதற்காகவே முடியை வெட்டிக்கொண்ட சீக்கியர்கள் பலர்.

ஆங்கிலேயர்கள் பாடம் கற்றுக்கொண்டார்களா?

இங்கதான் திருப்பம். 1806-ல் வேலூர் சிப்பாயைத் தாடியை எடு என்றது கம்பெனி ராணுவம். 1849-ல் பஞ்சாபைக் கைப்பற்றிய பிறகு, சீக்கிய வீரர்கள் முடியையும் தலைப்பாகையையும் விடக் கூடாது என்று அதே ராணுவம் வலியுறுத்தியது. அந்த அடையாளம் இருந்தால் வீரமும் விசுவாசமும் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டு உலகப் போர்களிலும் ஏராளமான சீக்கிய வீரர்கள் இரும்புத் தொப்பிக்குப் பதில் தலைப்பாகையோடுதான் போரிட்டார்கள்.

மரியாதை கூடியது உண்மைதான். ஆனால் வீரர் தலையில் என்ன இருக்க வேண்டும் என்று உத்தரவு போடும் அதிகாரம் மட்டும் கடைசி வரை ராணுவத்திடமே இருந்தது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

* இந்தியா: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 129-ன்படி தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு ஹெல்மெட் கட்டாயம் இல்லை. கிர்பான் வைத்திருப்பதை அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு மத உரிமையாகவே ஏற்கிறது.
* பிரிட்டன்: 1976-ல் ஹெல்மெட் விலக்கு. தலைப்பாகையைக் கழற்றி முடியை வெட்டினால்தான் சேர்ப்போம் என்று ஒரு பள்ளி சொன்ன வழக்கில், 1983-ல் பிரபுக்கள் சபை மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது.
* கனடா: 1990 முதல் தேசியக் காவல் படையில் சீக்கியர்கள் தலைப்பாகை அணிய அனுமதி.
* பிரான்ஸ்: 2004 சட்டப்படி அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் தலைப்பாகை அணியத் தடை.

தமிழ்நாட்டில் சீக்கியர்கள்?

எண்ணிக்கை குறைவுதான். ஆனால் சென்னை தி.நகர் ஜி.என்.செட்டி சாலையில் குருத்வாரா இருக்கிறது. வேளச்சேரியில் 1971-ல் தொடங்கப்பட்ட குரு நானக் கல்லூரியில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். குருத்வாராவுக்குள் போகும் யாராக இருந்தாலும் தலையை மறைக்க வேண்டும். கைக்குட்டை கட்டினாலே போதும்.

ஒரு சின்ன விஷயம். விளையாட்டுக்குக்கூட யாருடைய தலைப்பாகையையும் தொடாதீர்கள். பள்ளியில் கூடப் படிக்கும் சர்தார் பையனின் கொண்டையைப் பிடித்து இழுப்பது பிள்ளைகளுக்குக் கேலியாகத் தெரியலாம். அவனுக்கு அது அவமானம். அடுத்தவர் தலையில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை வேலூர் கோட்டை 1806-லேயே சொல்லிவிட்டது.